ஆறு மூட்டை வண்டி: பழைய நோவா வேனைத் தோட்டத்து வேலைக்கு மாற்றுவது எப்படி

வேனைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திய அன்றைக்கே மச்சான் கேட்ட கேள்வி: "மச்சான், கூரையை எப்ப வெட்டுறோம்?"

பர்மாவில், மோல்மேனுக்குப் பக்கத்து ஊரான எங்கள் முடோன் பக்கத்தில் இது வழக்கம்தான். பழைய வேன் யார் கையில் கிடைத்தாலும் முதல் வேலை பட்டறைக்கு ஓட்டிப்போய்ப் பின்பாதிக் கூரையை அறுத்து எடுப்பது. பிக்கப் தயார் என்று நினைப்பு. ஒரு மழைக்காலம் போனதும் பின்கதவு பூட்டாது, பக்கக் கதவு பாதியில் சிக்கும், முன்கண்ணாடியில் ஓரத்திலிருந்து விரிசல் ஓடும். லாரிக்கு அடியில் ஏணி மாதிரி தனிச் சட்டம் இருக்கிறது, உடலை வெட்டினாலும் சட்டம் தாங்கும். குடும்ப வேனுக்கு அப்படிச் சட்டம் கிடையாது. கூரை, தூண், தரை எல்லாம் சேர்ந்துதான் சட்டம். கூரையை எடுத்தால் அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்த கதைதான், கையில் தூக்கினாலே கோணிப்போகும்.

இன்னொன்று, கூரைக்காகத்தானே இந்த வண்டியை வாங்குகிறோம்? மோல்மேன் வட்டாரத்தில் ஆண்டுக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. வைகாசி பாதியில் பிடித்தால் ஐப்பசி வரை விடாது. புகை போட்டுக் காயவைத்த ரப்பர் ஷீட் நனைந்தால் பூஞ்சை பிடித்து விலை இறங்கும். நெல் விதை, உரம், சிமெண்ட் எதுவும் ஈரம் தாங்காது. திறந்த வண்டி வேண்டுமென்றால் டிராக்டர் மாதிரியான டோலாஜி இருக்கிறது, மூன்று சக்கரத் தோன்பேன் இருக்கிறது, இரண்டுமே வேனைவிட மலிவு. நனையாமல், பூட்டிவைக்கும்படி, ஓடுகிற ஒரு அறை வேண்டும் என்பவர்களுக்குத்தான் இந்த வழிகாட்டி. எதையும் வெட்டாமல், கூடியவரை வெல்டிங்கும் இல்லாமல், நட்டு போல்ட்டிலேயே முடிக்கிற வேலை. நாளைக்கு வண்டியை விற்க நினைத்தால் இருக்கைகளைத் திரும்ப மாட்டி விற்கலாம்.

எந்த வேன்

சரக்கு வேலைக்கென்றே கட்டிய டொயோட்டா டவுன்ஏஸ் வேன் நல்ல நிலையில் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். முக்கால் டன் அளவில் ஏற்றுவதற்காகச் செய்தது அது, அதன் செவன் கே இன்ஜினில், பெல்ட் மாதிரி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாத டைமிங் செயினும் உண்டு. ஆனால் அந்த மாதிரி வண்டியை வைத்திருப்பவர்கள் விடமாட்டார்கள். கைக்கு எட்டுவது குடும்ப வேன்தான். அதிலும் நம் ஊரில் அதிகம் சுற்றுவது ஜப்பானிலிருந்து வந்த டொயோட்டா நோவா.

நோவாவில் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். 1996 முதல் 2001 வரை வந்த முதல் நோவாவில் இன்ஜின் முன் இருக்கைக்கு அடியில் இருக்கும், பின்சக்கரம் தள்ளும். 2001 நவம்பரில் வந்த அடுத்த உருவத்தில் இன்ஜின் மூக்குக்குள் போய்விட்டது, முன்சக்கரம் இழுக்கும். ஓட்டச் சுகம் புதியதுதான். ஆனால் பின்னால் பாரம் ஏற்றிக்கொண்டு ரப்பர் தோட்டத்துச் செம்மண் மேட்டில் ஏறும்போது முன்பக்கம் இலேசாகிவிடும், சக்கரம் சுற்றிக்கொண்டே நிற்கும். பின்சக்கர வண்டிக்குப் பாரம் ஏற ஏறப் பிடிப்பு கூடும். தோட்டத்துக்குப் பழசுதான் சரி.

வாங்கும்போது இன்ஜின் சத்தத்தைப் பிறகு கேளுங்கள். முதலில் ஒரு பாயை விரித்து அடியில் படுங்கள். கையில் ஒரு சின்னச் சுத்தியல் போதும். பக்கக் கதவின் அடி, பின்சக்கரக் குழியின் உள்பக்கம், ஸ்பிரிங் உட்காரும் இடம், ஜாக்கி வைக்கும் இடம் எல்லாவற்றையும் தட்டுங்கள். நல்ல இரும்பு 'டங்' என்னும். பெயிண்டும் துருவும் மட்டும் மிச்சமிருந்தால் 'பொத்' என்னும். ஸ்பிரிங் உட்காரும் இடத்தில் 'பொத்' கேட்டால் எழுந்து கையைத் தட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். இன்ஜினை மாற்றிவிடலாம், உடலை மாற்ற முடியாது. சேஸிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் ஓனர் புக்கோடு (வண்டிப் பதிவுப் புத்தகம்) எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். எண் துருவில் மங்கியிருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

விலை நிலவரம் இங்கே எழுதவில்லை. பர்மா நாணயமான ச்சாட்டின் மதிப்பு போகிற போக்கில் இன்று எழுதினால் நாளை பொய்.

எடைக் கணக்கு

இதை முடிக்காமல் ஸ்பேனரைத் தொடாதீர்கள். நான் இதைக் கடைசியில் போட்டேன், அதனால் இரண்டு வேலைகளைத் திரும்பச் செய்ய வேண்டியதாயிற்று.

ஜப்பான் கணக்கில் ஒரு பயணி 55 கிலோ. எட்டுப் பேர் வண்டி என்றால் 8 × 55 = 440 கிலோ. வெறும் வண்டி எடையோடு இதைக் கூட்டித்தான் மொத்த எடையை அவர்கள் பத்திரத்தில் எழுதுகிறார்கள். ஸ்பிரிங், பிரேக், டயர் எல்லாம் அந்த மொத்த எடைக்குள் ஓடுவதற்காகத் தேர்ந்தவை. ஆக, ஓட்டுநரையும் சேர்த்து உங்கள் கைவசம் இருப்பது 440 கிலோ. நம் கணக்கில் 270 வீசைக்குக் கொஞ்சம் குறைவு. (பர்மாக்காரர்களின் 'பெய்தா' 1.63 கிலோ. ஆங்கிலேயர் அதை 'விஸ்' என்று எழுதியது நம் வீசையிலிருந்துதான். தமிழ்நாட்டு வீசை இதைவிடச் சிறியது. ஊரிலிருந்து வந்த சித்தப்பா சந்தையில் குழம்பியது தனிக்கதை.)

நடு வரிசை, கடைசி வரிசை இருக்கைகளைக் கழற்றினால் எடை மிச்சம்தானே என்பீர்கள். மிச்சம்தான். கழற்றியதை நெல் தராசில் நிறுத்தேன், 43 வீசை, அதாவது 70 கிலோ. மகிழ்ச்சியாக இருந்தது. பிறகு நான் உள்ளே போட்டதை நிறுத்தேன். தரைப் பலகை 21 கிலோ, கம்பித் தடுப்பு 14, இரண்டாவது பேட்டரி 25, கொக்கி, கேபிள், ரப்பர் விரிப்பு எல்லாம் 10. மொத்தம் 70. எடுத்ததும் போட்டதும் சரியாகப் போயிற்று.

மிச்சமிருப்பது அதே 440. அதில் நான் 70, கூட வரும் ஆள் 60. பாரத்துக்கு 310 கிலோ. ஐம்பது கிலோ மூட்டை ஆறு. நெல் கூடைக் கணக்கில், கூடைக்கு 46 பவுண்டு என்று வைத்தால், பதினைந்து கூடைக்கு மயிரிழை குறைவு. உள்ளே இடம் பார்த்தால் இருபது மூட்டை கொள்ளும். அதுதான் பொறி. இடம் இருக்கிறதே என்று ஏற்றுவார்கள்.

ஆறு மூட்டை என்பதை ஒரு அட்டையில் எழுதிப் பின்கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். வேலையாட்களுக்காக மட்டுமல்ல, நமக்கும்தான்.

கழற்றுதல்

இருக்கை போல்ட்டுகள் இருபது ஆண்டாகக் கழன்றிருக்காது. முந்தின நாள் மாலை துரு இளக்கும் எண்ணெயை அடிப்பக்கத்திலிருந்து அடித்து, இரவு முழுக்க ஊறவிடுங்கள். மறுநாள் நீளப் பிடி போட்டு மெதுவாக, கொஞ்சம் இறுக்கிக் கொஞ்சம் தளர்த்தி எடுக்க வேண்டும். ஒரே இழுப்பில் எடுக்கப் பார்த்தால் தலை முறிந்து கையில் வரும். எடுத்த ஒவ்வொரு போல்ட்டையும் அதே ஓட்டையில் இரண்டு சுற்று திருகி வையுங்கள். டப்பாவில் போட்டு வைத்தது ஒருநாள் ஆட்டுக்கொட்டகைக் கதவுக்குப் போய்விடும், அனுபவம். இருக்கைகளைச் சாக்கு சுற்றி எலி ஏறாத பரணில் வையுங்கள். நடு வரிசையில் ஒன்றையாவது மாட்டக்கூடிய நிலையில் வைப்பது நல்லது. திருவிழாவுக்கு மோல்மேன் முருகன் கோவிலுக்குப் போகும்போது பெண்களையும் பிள்ளைகளையும் வெறும் பலகையில் உட்காரவைக்க முடியாது. அந்த இருக்கைக்குரிய பெல்ட் கொக்கிகளையும் கழற்றாதீர்கள்.

தரை

இந்த வேலைதான் வண்டியின் ஆயுள். மூன்று நாள் ஒதுக்குங்கள், அதுவும் மாசி பங்குனியில்.

கம்பளத்தைத் தூக்கினால் அடியில் பஞ்சு. அது ஈரத்தைக் குடித்துக்கொண்டு வெளியே எதுவும் தெரியாமல் இரும்பைத் தின்றுகொண்டிருக்கும். மொத்தமாக எடுத்து எறியுங்கள். தார்ப்பட்டை மாதிரி ஒட்டியிருக்கும் சத்தம் தடுக்கும் தகடு இறுக்கமாக இருந்தால் விட்டுவிடலாம், ஓரம் தூக்கியிருந்தால் சுரண்டி எடுக்க வேண்டும். தரையில் ரப்பர் அடைப்பு போட்ட சின்னச் சின்ன வடிகால் ஓட்டைகள் இருக்கும். அவற்றைக் கண்டுபிடித்துச் சுற்றி சாக்பீஸால் வட்டம் போடுங்கள். அவற்றை அடைக்கவே கூடாது.

துருவைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, தூசியைத் துணியால் துடைத்து, துரு மாற்றும் திரவம் பூசி, அது கறுத்துக் காய்ந்ததும் துத்தநாகப் பிரைமர் இரண்டு கோட்டு. மடிப்பும் மூட்டும் வரும் இடத்தில் சீலண்ட். அதற்கு மேல் பெயிண்ட். ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவில் ஒரு பகல் வெயில். அவசரப்பட்டு ஒரே நாளில் பூசியவர்களின் பெயிண்ட் தோசை மாதிரி எழும்பி வரும்.

மேலே போடும் பலகைக்கு 12 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட். எட்டுக்கு நாலு ஷீட் ஒன்று, எடை இருபது இருபத்தொரு கிலோ. எங்கள் ஊரில் மரத்துக்குப் பஞ்சமா, பியின்கடோ பலகை போடு என்பார்கள். பாலம் கட்ட நல்ல மரம். தண்ணீரில் போட்டால் மிதக்குமா என்று சந்தேகப்படும் அளவுக்குக் கனம். அதே அளவு தரைக்கு அதைப் போட்டால் ஒரு மூட்டை நெல்லின் இடத்தைப் பலகையே தின்றுவிடும். பிளைவுட்டின் நாலு விளிம்பையும் பெயிண்டில் ஊறவிட்டு அடைக்க வேண்டும், ஈரம் விளிம்பு வழியாகத்தான் புகும். பலகையை ஒட்டிவிடாதீர்கள். ஆறு போல்ட், ஆண்டுக்கு ஒருமுறை தூக்கிப் பார்க்கும்படி. அடியில் பழைய டியூபை வெட்டிய ரப்பர்த் துண்டுகளை வைத்தால் கடகட சத்தமும் வராது, காற்றும் ஓடும்.

சரி, என் தப்பைச் சொல்கிறேன். பலகையைப் போட்டு முடித்த உற்சாகத்தில் கொக்கி ஒன்றுக்கு மேலிருந்தே ஓட்டை போட்டேன். பலகை போயிற்று, தகடு போயிற்று. திடீரென்று பிட் வழுக்கென்று இறங்கியது, சத்தம் மாறியது. எடுத்துப் பார்த்தால் பிட் நுனி ஈரமாகப் பளபளக்கிறது. அடுத்த மூச்சில் பெட்ரோல் வாடை. கையிலிருந்த டிரில்லின் சுவிட்சை மறுபடி தொடவே பயம். அதை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்கு ஓடி பிளக்கைப் பிடுங்கினேன். தரைக்கு அடியில் ஒட்டினாற்போல் ஓடும் பெட்ரோல் குழாயை ஓட்டை போட்டிருந்தேன். அன்று எதுவும் பற்றாதது யார் செய்த புண்ணியமோ.

ஆகவே, ஓட்டை போடும் முன் அடியில் படுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். பெட்ரோல் குழாய், பிரேக் குழாய், ஒயர் மூன்றும் போகும் வழியை மேலே தரையில் சாக்பீஸால் வரைந்துகொள்ளுங்கள். டிரில் பிட்டில் ஒரு மரத்துண்டைக் கோர்த்து, முனை தேவையான ஆழத்துக்கு மேல் இறங்காதபடி செய்யுங்கள். புது ஓட்டையே போடாமல் இருந்தால் இன்னும் நல்லது. அதற்கு வழி அடுத்து வருகிறது.

கட்டுக்கொக்கியும் தடுப்பும்

இருக்கையும் பெல்ட்டும் போல்ட் ஆன இடங்கள்தான் வண்டியிலேயே உறுதியானவை, மனிதனைத் தாங்குவதற்காகச் செய்தவை. பெல்ட் போல்ட்டின் மரை பொதுவாக 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 சுற்று. ஜப்பான் வண்டியில் மற்றதெல்லாம் மில்லிமீட்டராக இருக்க இது மட்டும் அங்குலம் என்பதால் கடையில் குழம்புவார்கள். பழைய போல்ட்டைக் கையில் கொண்டுபோய் அதே மரையில் கண் வைத்த போல்ட் வாங்குங்கள். வார்ப்பில் ஊற்றியது வேண்டாம், அடித்துச் செய்ததாக இருக்கட்டும். ஆறு இடத்தில் போட்டால் போதும்.

முன் இருக்கைக்குப் பின்னால் தடுப்பு கட்டாயம். ஒரு அங்குலச் சதுரக் குழாயில் சட்டம் செய்து, கோழிக்கூண்டுக் கம்பி இல்லை, வெல்டு செய்த கனமான வலையைப் பதித்து, சட்டத்தை மேலே பெல்ட் போல்ட்டிலும் கீழே இருக்கை போல்ட்டிலும் பிணைக்க வேண்டும். சட்டத்தை வெளியே வைத்து வெல்டு செய்து எடுத்து வந்து மாட்டுங்கள். வண்டிக்குள் வெல்டிங் தீப்பொறி பறக்கக் கூடாது. தடுப்பு இருக்கிறது என்பதற்காக மூட்டையைக் கட்டாமல் விடுவதும் கூடாது. மூட்டைகள் தரையோடு, பின் அச்சுக்கு முன்னால் ஒட்டி இருக்கட்டும். பின்கதவை ஒட்டி அடுக்கினால் மூக்கு தூக்கி, ஸ்டியரிங் இலேசாகிவிடும். ரப்பர் ஷீட் கட்டு வழுக்காது என்று நினைப்போம், சின்ன வளைவில் மொத்தக் கட்டும் ஒரு பக்கம் சாயும். ரேட்செட் பட்டை இரண்டு வாங்கிவிடுங்கள், கயிறு மழையில் தளரும்.

ஸ்பிரிங், பிரேக், டயர்

பட்டறைச் சயா (மேஸ்திரி) என்னிடம் சொன்னது: "ஸ்பிரிங்குக்கு உள்ளே ரப்பர் பந்து போட்டுத்தர்றேன், பத்து மூட்டை தாங்கும்." ஸ்பிரிங் தாங்கும். அச்சு, பேரிங், பிரேக் எல்லாம் பழையதுதானே? உதவி ஸ்பிரிங் போடுவது ஆறு மூட்டையோடு பின்பக்கம் தொங்காமல் இருக்க, ஏழாவது மூட்டைக்கு அல்ல. நானும் போட்டேன், அந்தக் காரணத்துக்காகத்தான்.

போட்டபின் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில வேன்களில் பின் அச்சிலிருந்து ஒரு மெல்லிய கம்பி மேலே போய் ஒரு வால்வில் மாட்டியிருக்கும். பாரம் ஏறி வண்டி தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும், காலியாக இருந்தால் குறைக்கும். ஸ்பிரிங்கைத் தடிப்பாக்கி வண்டியை உயர்த்திவிட்டால் பாரம் ஏறினாலும் வண்டி காலி என்றே வால்வு நினைத்துக்கொள்ளும், பின் பிரேக் பாதிதான் பிடிக்கும். உங்கள் வண்டியில் அந்தக் கம்பி இருந்தால் ஸ்பிரிங் வேலை முடிந்ததும் அதன் நீளத்தைச் சரிசெய்யச் சொல்லுங்கள். கேட்காமல் செய்யமாட்டார்கள்.

டயரின் பக்கச்சுவரில் எண்ணைப் படியுங்கள். கார் டயரில் 91 என்று இருந்தால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். சரக்கு வண்டிக்கான எட்டுப் பிளை டயரில் 102 என்றிருந்தால் 850. பின்னால் இரண்டுக்காவது சரக்கு டயர் போடலாம், கல் குத்தாது. அதற்குக் காற்று அதிகம் வேண்டும், கார் டயருக்கு வைக்கும் அளவை வைத்தால் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கும். முன்னால் இரண்டும் ஒரே ரகம், பின்னால் இரண்டும் ஒரே ரகம். ஸ்டெப்னி எங்கே என்றும் பாருங்கள். அடியில் தொங்குவதாக இருந்தால் சேற்றில் புதைந்த வண்டியில் அதை எடுக்கவே முடியாது. நான் அதை உள்ளே தடுப்போடு சேர்த்துக் கட்டிவிட்டேன்.

சூடு

இன்ஜின் இருக்கைக்கடியில், ரேடியேட்டர் மூக்கில், இரண்டுக்கும் நடுவில் நீளக் குழாய். தண்ணீர் மாற்றும்போது அந்தக் குழாயில் காற்று தங்கிவிட்டால் சூடு காட்டும் முள் சும்மா இருக்கும், இன்ஜின் வெந்துகொண்டிருக்கும். முன்சக்கரங்களை மேட்டில் ஏற்றி நிறுத்தி, குளிர்ந்த இன்ஜினில், ஹீட்டரைச் சூடு பக்கம் திருகிவைத்து, மூடியைத் திறந்தபடி மெதுவாக ஊற்றி ஓடவிடுங்கள். குமிழி நிற்கும்வரை பொறுமை. கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், கூலண்ட்தான். டைமிங் பெல்ட் உள்ள த்ரீ எஸ் இன்ஜினாக இருந்தால், எப்போது மாற்றினார்கள் என்று யாருக்கும் தெரியாவிட்டால், உடனே மாற்றிவிடுங்கள். லட்சம் கிலோமீட்டர்தான் அதன் ஆயுள், ஜப்பானிலேயே அதைத் தாண்டித்தான் இங்கே வந்திருக்கும்.

மின்சாரம்

கரண்ட் போகாத நாள் இல்லாத ஊரில் வண்டியின் பேட்டரி வீட்டுக்கு விளக்கு. ஆனால் ஓடவைக்கும் பேட்டரியிலிருந்து எடுத்தால் காலையில் தள்ள வேண்டிவரும். ஆகவே இரண்டாவது ஒன்று. 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம், அதாவது 600 வாட்-மணி. பத்து வாட் விளக்குகள் ஆறும் ஐந்து மணி நேரம், ஒரு சின்ன 12 வோல்ட் மின்விசிறி இரவு முழுக்க, ஃபோன்கள். அவ்வளவுதான் அதன் தெம்பு. இன்வர்ட்டர் மாட்டி ஒரு குதிரைத்திறன் கிணற்று மோட்டாரை ஓட்டலாமா என்று கேட்பார்கள். ஓடும்போதே 746 வாட், 12 வோல்ட்டில் 60 ஆம்பியருக்கு மேல், கிளம்பும்போது அதைப் போல் ஐந்து மடங்கு. கேபிள் சூட்டிலேயே கதை முடியும்.

இரண்டு பேட்டரிக்கும் நடுவில் வோல்ட்டேஜ் பார்த்துச் சேரும் ரிலே, 25 சதுர மில்லிமீட்டர் செப்புக் கேபிள், கேபிளின் இரண்டு முனையிலும் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ். இரண்டு முனையிலும் என்றதற்குக் காரணம், கேபிள் நடுவில் எங்கே தகட்டில் உரசினாலும் இரண்டு பக்கமிருந்தும் பாயும். தகட்டைத் தாண்டும் ஒவ்வொரு இடத்திலும் ரப்பர் வளையம். ஈய பேட்டரியை மூடிய பெட்டியில் வைத்து, அதன் ஆவி போக ஒரு குழாயைத் தரை வழியாக வெளியே விடுங்கள். கூரையில் 100 வாட் சோலார் தகடு வைத்தால் கோடையில் நன்றாக வேலை செய்யும். ஆடி ஆவணியில் எதிர்பார்க்காதீர்கள்.

எதை எப்படி ஏற்றுவது

ஆடு: ஆட்டு மூத்திரம் இரும்புக்கு எமன். முதல் முறை இரண்டு ஆட்டை வெறும் பலகையில் நிற்கவைத்துக் கொண்டுபோனேன். வாடை ஒரு மாதம், பலகைக்கடியில் பெயிண்ட் உரிந்தது தெரிய ஒரு வருடம். இப்போது தார்ப்பாயை நாலு பக்கமும் அரை முழம் உயர்த்திக் கட்டி, மேலே மரச்சட்டம் போட்டு நிற்கவைக்கிறேன். இறக்கியதும் தார்ப்பாயோடு சுருட்டிக் கழுவிவிடலாம்.

ரப்பர் பாலை உறையவைக்கும் ஃபார்மிக் ஆசிட்: இதை ஏற்றும் நாளில் வேறு எதுவும் இல்லை, பிள்ளைகள் இல்லவே இல்லை. கேனை ஒரு ஆழமான பிளாஸ்டிக் தொட்டிக்குள் நிற்கவைத்து, தொட்டியைக் கொக்கியில் கட்ட வேண்டும், எல்லா ஜன்னலும் திறந்திருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர். சிந்தினால் தகடும் போகும், தோலும் போகும். அம்மோனியாவும் அப்படித்தான், வளைவில் திரும்பும்போது கண் எரிந்தால் வண்டி எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மூங்கில்: நீளம் அதிகம் என்று பின்கதவைத் திறந்து தூக்கிக் கட்டிக்கொண்டு ஓட்டுவார்கள். பெட்டி வடிவ வண்டியின் பின்னால் காற்று சுழன்று உள்ளே வரும், புகைக்குழாய்ப் புகையும் சேர்ந்து வரும். அந்த நச்சு வாயுவுக்கு வாடையே கிடையாது, தலைவலியும் தூக்கமும்தான் தெரியும். மூங்கிலைக் கூரையில் கட்டுங்கள். வேறு வழியே இல்லையென்றால் முன் ஜன்னல்களை முழுக்கத் திறந்து, மெதுவாக, கொஞ்ச தூரம் மட்டும்.

பெட்ரோல் கேன்: தட்டுப்பாடு வரும்போதெல்லாம் இருபது லிட்டர் கேன் வாங்கி உள்ளே வைத்துக்கொண்டு வருகிறோம். குறைந்தபட்சம் வெயிலில் நிறுத்தாதீர்கள், கேனை வண்டிக்குள் வைத்தபடி நிரப்பாதீர்கள். தரையில் இறக்கி வைத்துத்தான் நிரப்ப வேண்டும்.

சாலையில்

1970 டிசம்பர் 6 முதல் இந்த நாட்டில் வலப்பக்கம் ஓட்டுகிறோம், வண்டிகளோ இடப்பக்கம் ஓடும் ஜப்பானிலிருந்து வந்தவை. காரில் இது பெரிதாகத் தெரியாது, வேனில் தெரியும். பழைய நோவாவுக்குப் பக்கக் கதவு இடப்புறம் மட்டும்தான். நெடுஞ்சாலை ஓரம் நிறுத்தினால் கதவு சாலை நடுவைப் பார்த்துத் திறக்கும். சாமான் இறக்குவதானால் வண்டியைச் சாலையைவிட்டு வளாகத்துக்குள் கொண்டுவந்து, இடப்புறம் களத்தைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். என் ரப்பர் கொட்டகை வாசலையே அதற்காகத் திருப்பிப் போட்டேன்.

முன்விளக்கும் அப்படித்தான். டிம் போட்டாலும் இடப்பக்கம் ஒளி உயரும்படி செய்திருப்பார்கள், ஜப்பானில் அது சாலையோரம். இங்கே எதிரே வருபவன் கண். வலப்பக்கச் சாலைக்குரிய விளக்கு கிடைத்தால் மாற்றுங்கள். தாய்லாந்திலிருந்து வருவது உதவாது, அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். கிடைக்காவிட்டால் இடப்பக்கம் உயரும் அந்தக் கீற்றை மட்டும் கறுப்பு டேப்பால் மறையுங்கள். வெறுமனே தாழ்த்தினால் முன்னால் பள்ளமும் தெரியாது. பின்பக்கம் மூட்டை ஏறினால் உள்கண்ணாடி பயனில்லை, இரண்டு பக்கமும் பெரிய கண்ணாடி வேண்டும், முக்கியமாக இடப்புறம். முந்தும்போது பக்கத்தில் இருப்பவர்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். மச்சான் அதில் கெட்டிக்காரன், பத்து தடவையில் ஒன்பது தடவை "வேணாம்" என்பான்.

கறுப்பு நம்பர் பலகையை வைத்துக்கொண்டு கூலிக்கு ஆள் ஏற்றக் கூடாது, அதற்குச் சிவப்பு. இருக்கை கழற்றியதை ஓனர் புக்கில் எப்படிக் காட்டுவது என்று உங்கள் ஊர் வண்டிப் பதிவு அலுவலகத்தில் நேரில் கேட்டுவிடுங்கள். இருக்கைகளைப் பரணில் வைக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

மழைக்காலம்

தண்ணீரில் இறங்கும் முன் ஒரு குச்சியை ஊன்றிப் பாருங்கள். சக்கரத்தின் நடுப் பொட்டுக்கு மேல் என்றால் திரும்பிவிடுங்கள். ஓடிச் சூடான பின் அச்சு குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கும், மேலே உள்ள சின்ன மூச்சுக்குழாய் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். மாதம் கழித்து ஆயிலை இறக்கினால் பால் காப்பி நிறத்தில் வரும். அந்த மூச்சுமுனையில் ஒரு முழ ரப்பர்க் குழாயை மாட்டி மேலே கட்டிவிட்டால் தீர்ந்தது, ஒரு தேநீர் விலைதான் ஆகும். ஏர் ஃபில்டர் எந்த உயரத்தில் மூச்சு வாங்குகிறது என்றும் பார்த்து வையுங்கள்.

ஐப்பசி கடைசியில் ஒரு நாள் முழுக்க வண்டிக்கு. பலகையின் ஆறு போல்ட்டையும் எடுத்துத் தூக்கி வெயிலில் சாய்த்து வையுங்கள். அடிப்பக்கச் சேற்றைப் பிரஷ்ஷும் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள், சக்கரக் குழியின் மேல் உதட்டில்தான் அதிகம் ஒளிந்திருக்கும். சாக்பீஸ் வட்டம் போட்ட வடிகால் ஓட்டைகளைத் தென்னை ஈர்க்கால் குத்திவிடுங்கள். போன ஆண்டு என் வண்டியில் பின்பக்க ஓட்டையிலிருந்து ஒரு பிடி நெல் வந்தது, அதில் நாலைந்து முளைவிட்டிருந்தன. மச்சான் அதைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "ஏழாவது மூட்டை எதுன்னு இப்பத் தெரியுதா மச்சான்?"